பிடியரிசிக்கு ஒரு கணக்கு



நம் மன்றத்தைக் கட்டி எழுப்பிய மூத்த தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவு இது. அவர் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது, எனக்குப் பின்னால் பதாகையிலும் இருக்கிறது. மேடையில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் புகழ்வதை அவர் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை. ஆகவே நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

காணிக்கை, ஊழியம், விசுவாசம். இந்த மூன்று சொற்களுக்கும் ஒரு தலித் இலக்கிய மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மதத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. நம் மக்களில் ஒரு பெரும்பகுதி நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக வாரந்தவறாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் என்ன கிடைத்தது? கணக்கு யார் கையில் இருக்கிறது? என் கேள்வி இதுதான்.

கைப்பிடி அரிசியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. உலை கொதிக்கிறது. களைந்த அரிசியை உலையில் போடுவதற்கு முன்பே, அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயம் கோயிலுக்குப் போகும். சேர்ந்த அரிசியை ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் உபதேசியார் சம்பளத்துக்கோ மிஷனெரி சங்கத்துக்கோ போகும். வீட்டில் காசு ஆண் கையில் இருக்கும். சமைப்பதற்கு முன்னால் இருக்கிற அரிசி மட்டும்தான் பெண் கையில் இருக்கும். அந்தப் பிடி, அவள் யாரையும் கேட்காமல் கொடுக்கக்கூடிய ஒரே செல்வம்.

என் அம்மா உப்பளத்து வேலைக்குப் போனவர். வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று விடியுமுன்னே நடந்துபோவார். பாத்தியில் நின்று நின்று காலில் புண். வெள்ளை வெளேரென்ற உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பார்த்துப் பார்த்துக் கண் மங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டால் உப்பு கரையும், வேலை நிற்கும், வீட்டில் ஒருவேளை அடுப்புதான் எரியும். அந்த ஒருவேளை உலையிலும் ஒரு பிடி குறைந்தது. "நமக்கே இல்லையே" என்று அப்பா முனகுவார். "இது நம்ம கணக்குல இல்ல" என்பார் அம்மா.

சமூகவியல் படித்தபோது மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது என்ற மூன்றும் சேர்ந்துதான் மனிதர்களைச் சமமானவர்களாகக் கட்டிவைக்கிறது என்பது அதன் சாரம். வாங்கியவன் திருப்பிக் கொடுக்க முடியாதபோது அவன் தாழ்ந்தவனாகிறான். நம் ஊர்களை இதில் வைத்துப் பாருங்கள். சேரிக்காரன் வருடம் முழுவதும் உழைத்துக் கொடுத்தான். அதற்குக் கொடை என்று பெயரில்லை, கடமை என்று பெயர். அவனுக்குக் கிடைத்த பழைய சோற்றுக்கும் கிழிந்த வேட்டிக்கும் தர்மம் என்று பெயர். அப்படிக் கணக்கு எழுதப்பட்ட ஊரில், தலித் பெண் ஒருத்தி கலயத்தைச் சுமந்துபோய் எல்லோர் கண்முன்னாலும் பீடத்தருகே வைத்தாள். 'வாங்குகிறவள்' என்று முத்திரை குத்தப்பட்டவள் 'கொடுக்கிறவள்' ஆனாள். இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்களுக்குச் சாதி புரியவில்லை.

ஏழை கொடுப்பதைச் சுற்றியே ஒரு சபை தன்னைக் கட்டிக்கொண்ட கதை மெதடிஸ்டுகளுடையது. நம் கரைக்கு அவர்கள் நேரடியாக வரவில்லை. வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷனரி ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, நம் திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சபையும் தென்னிந்திய வெஸ்லியன் சபைகளும் ஒரே வீட்டுக்குள் வந்தன. அந்த வகையில் அது நம் குடும்பக் கதையும்தான்.

1742. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் கட்டிய கட்டடத்துக்குக் கடன் பாக்கி. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போட்டுக் கடனை அடைப்போம் என்று ஒரு யோசனை வருகிறது. கூட்டத்தில் பலர் பரம ஏழைகள், அவர்களால் அதுவும் முடியாது என்று ஒருவர் சொல்கிறார். அப்போது ஃபாய் என்ற கப்பல் தலைவர் எழுந்திருக்கிறார். மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், அவர்கள் கொடுத்தால் சரி, கொடுக்க முடியாவிட்டால் அவர்களுடையதையும் என்னுடையதோடு சேர்த்து நானே கட்டுகிறேன் என்கிறார். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பதினொரு பேரை எடுத்துக்கொள்கிறார்கள். பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கிறார்கள். சண்டை, குடி, நோய், பட்டினி எல்லாம் தெரியவருகிறது. பிறகு அந்தப் பன்னிரண்டு பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடிப் பேசத் தொடங்குகிறார்கள். மெதடிஸ்டு சபையின் முதுகெலும்பாக இருந்த வகுப்புக் கூட்டம் இப்படித்தான் பிறந்தது. காசு வசூலிக்கப் போன கால் மனிதரை விசாரிக்கப் போன காலாயிற்று. விசுவாசத்தில் வளர்வது என்று அவர்கள் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: பக்கத்து வீட்டில் உலை கொதிக்கிறதா என்று தெரிந்திருப்பது.

அழகான கதை. ஆனால் அதே மெதடிஸ்டு சபையில் அதே நூற்றாண்டின் கடைசியில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்டு ஆலயம். கறுப்பின மக்கள் அங்கே திரளாக வந்தார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஆலன், அடிமையாகப் பிறந்து தன் விடுதலையைத் தானே உழைத்து விலைகொடுத்து வாங்கியவர். ஆலயத்துக்கு மேல்மாடம் கட்ட வேண்டும், தரை போட வேண்டும் என்றபோது கறுப்பின மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டார்கள், உடல் உழைப்பும் கொடுத்தார்கள். கட்டி முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் முழங்காலில் இருந்த அப்சலோம் ஜோன்ஸைக் கைபிடித்துத் தூக்கி, உன் இடம் இதுவல்ல என்றார்கள். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று அவர் கேட்டுப் பார்த்தார். பொறுக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பின மக்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து வெளியே போனார்கள். தாங்கள் போட்ட தரையின் மேலேதான் நடந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். 1793இல் அந்த நகரத்தை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆலனும் ஜோன்ஸும் தங்கள் மக்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களை எடுத்துப் புதைத்தார்கள். ஊழியம் என்றால் அதுதான் ஊழியம். காய்ச்சல் தணிந்ததும் ஒரு பதிப்பாளர், கறுப்பர்கள் இதில் காசு பார்த்தார்கள் என்று எழுதினார். 1794இல் இருவரும் ஒரு சிறுநூல் வெளியிட்டார்கள். எவ்வளவு வரவு, சவப்பெட்டிக்கு எவ்வளவு, ஆள்கூலிக்கு எவ்வளவு என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கைக்காசுதான் போயிருந்தது. அதே ஆண்டில் ஆலன் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். 1816இல் அது தனித் திருச்சபையாக நின்றது. பிணம் சுமந்தவனே கணக்கும் எழுதினான். அதனால்தான் அவனுடைய திருச்சபை இன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி திருவள்ளூர் பக்கம், ஈக்காட்டில் இருந்தவர். தலித்துகளுக்கு ஜெபம் மட்டும் போதாது, நிலம் வேண்டும் என்று 1890களில் எழுதியவர். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் டிரெமென்ஹீரை மட்டும் நினைவுகூர்கிறோம், கௌடியையும் சொல்ல வேண்டும். இதை வேறொரு மேடையில் விரிவாகப் பேசலாம்.

நம் கரைக்காரர் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில், தேரிக்காட்டு மண்ணில் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம் என்பது அந்தச் சங்கத்தின் தீர்மானம். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நம் அம்மாக்களைப் போன்றவர்களின் அடுப்படியிலிருந்து வந்தது. அந்த அரிசிதான் அசரியாவைத் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு அனுப்பியது. 1910இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளை மிஷனரிகள் தியாகம் செய்வது இருக்கட்டும், எங்களைச் சிநேகிதராக நடத்துவார்களா என்று முகத்துக்கு நேரே கேட்டவர் அவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

தோர்ணக்கல்லில் அவரிடம் வந்தவர்கள் மாலா, மாதிகா மக்கள், அதாவது தலித்துகள். நிலமில்லாத கூலிகள். அவர்களிடம் போய் அசரியா காணிக்கை கேட்டார். இது கொடுமை என்று சொன்னவர்களும் உண்டு. அவர் பிடிவாதமாக இருந்தார். காசு இல்லாதவர்கள் தானியம் கொண்டுவந்தார்கள், கோழி கொண்டுவந்தார்கள். கிறிஸ்தவன் கொடுப்பது எப்படி என்று பின்னாளில் ஒரு நூலே எழுதினார். 1936இல் காந்தியார் ஜான் மோட்டிடம் பேசும்போது, ஹரிஜனங்களுக்குச் சுவிசேஷம் சொல்வது பசுமாட்டுக்குச் சொல்வதைப் போன்றது என்ற பொருளில் ஒரு ஒப்புமை சொன்னார். அந்தக் காலத்து நல்லெண்ணக்காரர்கள்கூட நம்மை எங்கே வைத்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. அசரியா அதே மக்களிடமிருந்து ஆசிரியர்களையும் குருமார்களையும் எழுப்பினார். கொடுக்கத் தெரிந்தவனுக்கு யோசிக்கவும் தெரியும் என்று நம்பியவர் அவர்.

இந்த இடத்தில் ஒரு கசப்பையும் விழுங்க வேண்டியிருக்கிறது. அசரியா பிறந்த நாடார் சமூகம், தோள்சீலைக்காகவும் கோயில் நுழைவுக்காகவும் அடிபட்ட சமூகம். இத்தனை அடி தள்ளி நில் என்று சொல்லப்பட்டவர்கள். கல்வி, பனை, வணிகம், திருச்சபை எல்லாம் சேர்ந்து அவர்கள் எழுந்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் இன்று நம் பகுதிச் சபைகளில் பெரும்பான்மையாகவும் நிர்வாகமாகவும் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தள்ளி நின்ற தூரம் நினைவிருக்கிறது? எங்கள் ஊர்ப்பக்கத்துச் சபை ஒன்றில், ஊரைச் சொல்ல வேண்டாம், அசனப் பண்டிகைக்கு எங்கள் தெருவிலிருந்தும் அரிசி போகும். விறகு எங்கள் ஆட்கள்தான் உடைப்பார்கள். பந்தியில் மட்டும் எங்களுக்குக் கடைசி முறை. யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்பார்கள், அவ்வளவுதான். அப்சலோம் ஜோன்ஸ் கேட்டதும் கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான். யார் யாரிடம் சொல்வது என்பதைப் பொறுத்து இரண்டு சொல்லும் எவ்வளவு வேறு பாருங்கள்.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு காணிக்கையை நம்மிடம் வாங்கியிருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித் இன்றுவரை வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் கோப்பு நகரவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறார். ஆக, சேரிக்காரன் இந்தச் சபைக்குக் கொடுத்த மிகப் பெரிய காணிக்கை உண்டியலில் விழவில்லை. அவன் பிள்ளையின் சாதிச் சான்றிதழாக, கிடைக்காமல் போன வேலையாக அது போயிருக்கிறது. எந்தச் சபையின் வரவுப் புத்தகத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம் 'பறட்டை அண்ணன்', திருவிருந்தை 'ஒரு உலை' என்று சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வீடு கொண்டுவந்த அரிசியை ஒரே பானையில் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து தின்பது. நம் அசனத்தின் பொருளும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். உலை ஒன்று, பந்தி இரண்டு என்றால் அது கல்யாண மண்டபம், கோயில் அல்ல.

நம் கரையில் நியாயமாகப் பங்கு வைக்கத் தெரியாதவர்களா இருந்தார்கள்? முத்துக்குளிப்புக் காலத்தில், தோணி கரைக்கு வந்ததும் குளித்தவர்களே சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. எந்த இரண்டை அதிகாரி எடுப்பார் என்று பிரிக்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே மூன்றும் சமமாகத்தான் இருக்கும். மூன்றில் இரண்டு அரசுக்கு என்பது அநியாயம்தான், அது வேறு விஷயம். ஆனால் மூச்சடக்கி அள்ளியவன் கையாலேயே, பட்டப்பகலில், எல்லோர் முன்னாலும் எண்ணப்பட்டது. 1961க்குப் பிறகு இக்கரையில் அந்தக் குளிப்பு நடக்கவில்லை. அந்தப் பழக்கமாவது நமக்கு மிஞ்சியிருக்கலாம்.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரியம். பல சபைகளில் சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் நிற்காது. உப்பளத் தொழிலாளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லை. இதை அரசே ஒப்புக்கொண்டு மழைக்கால நிவாரணமாக ஐயாயிரம் ரூபாய் கொடுக்கிறது. அரசுக்குத் தெரிந்தது சேகரக் கமிட்டிக்குத் தெரியாதா? மழை மாதங்களின் பாக்கிக்காக எந்தப் பெயரையும் அடிக்கக்கூடாது என்று வரும் கூட்டத்தில் கேட்போம். கமிட்டி அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஃபாயைப்போலப் பதினொரு வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். முடியாதவர்களுக்குத் தாங்களே கட்டட்டும். பிடியரிசி ஏலம் போன தொகையையும் அது செலவான வழியையும் ஆராதனை முடிந்து சனங்கள் கலையுமுன் வாசிக்கட்டும். வாசிப்பவர் இந்த முறை, கலயம் கொண்டுவந்த பெண்களில் ஒருவராக இருக்கட்டும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். இத்தனை ஆண்டுகள் அவர் பொறுத்தார். சபை ஒரு பத்து நிமிடம் பொறுத்துக் கேட்கலாம்.