தொட்டியில் நிற்கும் பனை



நம் திருவெள்ளறைப் பக்கத்துப் பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பனங்கொட்டை ஓலை விடுமுன்பே மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிடும். பனங்கிழங்கு தோண்டியவர்களுக்குத் தெரியும். குளிர்நாட்டில் தொட்டியில் ஈச்சை வளர்ப்பவர்கள் பாடு வேறு. உறைபனிக்கு முன்பே வீட்டுக்குள், வெளிச்சம் விழும் ஜன்னலோரம் தூக்கி வைக்க வேண்டும். ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. அது அழுகினால் மரம் போயிற்று. குளிரில் வளர்ச்சி மந்தப்படும். அப்போது பாசத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் வேரும் அழுகும்.

நம் அந்தோனியாரின் பதுவை நகரில் 1585-இல் நட்ட குட்டைப் பனை ஒன்று கண்ணாடிக் கூடத்துக்குள் இன்றும் நிற்கிறது. கூரை போட்டதால் அது பனையில்லை என்று யாரும் சொல்வதில்லை.

திருப்பாடல் 92 நேர்மையாளரைப் பேரீச்சைக்கு ஒப்பிடுகிறது. கனடாவிலும் ஜெர்மனியிலும் இருக்கும் நம் பிள்ளைகளிடம், "பூசைக்குப் போனியா, ஜெபமாலை சொன்னியா" என்று வாரம் தவறாமல் ஃபோனில் கேட்கிறோம். அதுவும் தண்ணீர்தான். இந்த வாரம், "அங்கே குளிர் எப்படிப்பா, தனியாவா சாப்பிடுறே?" என்று முதலில் கேளுங்கள். குருத்தோலை ஞாயிறு வந்ததும் ஓலைச் சிலுவை ஒன்று மடித்து, தபாலில் அனுப்பி வையுங்கள்.