பழைய விசைப்பலகைகளை இனங்காணல்



நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே ஒரு கல்வெட்டு உண்டு. 12ஆம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிலே பொறிப்பித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்கள் அதனைப் படித்து ஆராய்ந்து வெளியிட்டுள்ளார்கள். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும் என்றும், மற்றைய வணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதியாகப் பங்கிட வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. கடல் கடந்து பண்டம் வருவது எங்கள் தீவுப் பகுதிக்குப் புதிய செய்தி அன்று என்பதற்கு அக்கல்லே சான்று.

இன்றும் பண்டங்கள் கடல் கடந்தே எங்களிடம் வருகின்றன. வாங்குபவன் வீட்டிலிருந்தபடி கைத்தொலைபேசியிலே படத்தைப் பார்த்து விலை பேசுகின்றான். பொதி கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ யாழ்ப்பாணம் வந்து, புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலே இயந்திரப் படகேறி நயினாதீவை அடைகின்றது. அவ்வாறு நான் வருவித்த பண்டங்கள் பழைய கணினி விசைப்பலகைகள். அவற்றைத் தேடி வாங்குவது எப்படி, இனங்காண்பது எப்படி, அந்த முயற்சியிலே நான் செய்த ஒரு பெரும்பிழை யாது என்பவற்றையே இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

பழைய விசைப்பலகையை ஏன் ஒருவர் தேட வேண்டும்? முதற்காரணம் அதன் உழைப்பு. இக்காலத்து மலிவான விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் கீழே ஒரே இறப்பர் விரிப்புத்தான் உண்டு. சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். 1980களில் செய்யப்பட்ட சிறந்த பலகைகளிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி வில்லோ ஆளியோ இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘மொடல் எம்’ என்னும் பலகையில், விசையை அழுத்தும்போது அதனடியிலுள்ள சுருள்வில் சட்டென்று வளைந்து ஒலியெழுப்பும். எழுத்துப் பதிந்துவிட்டது என்பதை விரலும் காதும் ஒருங்கே அறியும். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அத்தகைய பலகைகள் பல இன்றும் வேலை செய்கின்றன. விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. விலை ஏறிய இடத்திலே ஏமாற்றமும் புகும் அல்லவா? ஆகவேதான் இனங்காணும் அறிவு வேண்டியிருக்கின்றது.

விற்பவர் காட்டும் படம் பெரும்பாலும் பலகையின் முகத்தை மாத்திரமே காட்டும். அதனைக் கண்டு மயங்காது, முதலிலே அடிப்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். அங்கே ஒட்டப்பட்டிருக்கும் பெயர்ச்சிட்டைதான் அப்பலகையின் சாதகக் குறிப்பு. மொடல் எம் பலகையாயின் உறுப்பு இலக்கமும் செய்யப்பட்ட தேதியும் அதிலே இருக்கும். 1391401 என்னும் இலக்கம் 101 விசை கொண்ட அமெரிக்கப் பலகைகளிலே பரவலாகக் காணப்படுவது. 1991இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து பிரிந்த லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் பெயர் சிட்டையில் இருந்தால், அப்பலகை அவ்வாண்டுக்கு முற்பட்டது ஆகாது.

அடுத்து, வயரின் நுனியிலுள்ள செருகியைப் பாருங்கள். பருத்து வட்டமாக, 5 ஊசிகளுடன் இருந்தால் அது 1981இல் வந்த முதல் ஐ.பி.எம். தனியாள் கணினியின் மரபைச் சேர்ந்தது. சிறிய வட்டத்தில் 6 ஊசிகள் இருந்தால் 1987இல் தொடங்கிய மரபு. தட்டையான யூ.எஸ்.பி. செருகி 1996இற்குப் பின் வந்தது. ‘நாற்பது வருடப் பழைமை’ என்று விளம்பரம் செய்துவிட்டு யூ.எஸ்.பி. செருகியைக் காட்டுவாராயின் விற்பவரை நீங்கள் வினவலாம். செருகி பொருந்தினாலும் பலகை இயங்கும் என்பதில்லை. 1981ஆம் ஆண்டுப் பலகைக்கும் 1984ஆம் ஆண்டுப் பலகைக்கும் செருகி ஒன்றே. கணினியோடு அவை பேசும் முறை வேறு. முன்னையதை இன்றைய கணினியோடு இணைக்க இடையிலே ஒரு மாற்றி தேவைப்படும்.

மூன்றாவதாக, விசைகளை எண்ணுங்கள். முதற்பலகையில் 83, அடுத்ததில் 84. இவ்விரண்டிலும் பத்துத் தொழில் விசைகள் இடப்புறத்திலே இரு நிரலாக நிற்கும். 101 விசைப் பலகையில் அவை பன்னிரண்டாகி மேல்வரிசைக்கு ஏறிவிட்டன. விண்டோஸ் சின்னம் பொறித்த விசை இருந்தால் அது 1990களின் நடுப்பகுதிக்கு முற்பட்டதாக இராது.

நான்காவது, எழுத்துப் பதிந்த விதம். விரலால் தடவும்போது எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் அது மேலே அச்சிட்ட மை, காலத்தால் தேயும். சில பலகைகளில் இரு நிறப் பிளாஸ்திக்கை ஒன்றினுள் ஒன்றாக வார்த்திருப்பார்கள். அவ்விசையின் மூடியைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் எழுத்தின் உருவம் உள்ளேயும் தெரியும். அந்த எழுத்துத் தேய்ந்து அழிவதில்லை. மூடியைக் கழற்றியதும் ஆளியின் தண்டையும் கவனியுங்கள். கூட்டற்குறி வடிவிலே தண்டு இருந்தால் அது 1980களில் ஜேர்மனியின் செரி நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆளியாகவோ அதனைப் பின்பற்றியதாகவோ இருக்கும். நீலத் தண்டு ஒலியெழுப்பும். கருந்தண்டு ஓசையின்றி இறங்கும். தமிழ்நாட்டு டி.வி.எஸ். நிறுவனத்தின் ‘கோல்ட்’ பலகையிலே இத்தகைய ஆளிகளைக் காணலாம்.

இவற்றை அறியுமுன் நானும் ஏமாந்தேன். முகத்திலிருந்த சின்னத்தை மாத்திரம் நம்பி ஒரு பலகை வாங்கினேன். பொதியைப் பிரித்து ஒரு விசையை அழுத்தினேன், ஓசையே இல்லை. உள்ளே வில்லுக்குப் பதிலாக இறப்பர் இருந்தது. அதே தோற்றத்தில் அவ்வகையும் செய்யப்பட்டது என்பதைப் பின்னரே அறிந்தேன். அது பண நட்டம். பண நட்டம் ஆறிவிடும்.

ஆறாத நட்டம் வேறொன்று. அதற்கு முன், நமது தமிழ் எழுத்து விசைகளில் ஏறிய கதையைச் சிறிது சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே 1886இல் பிறந்து, 1907இல் மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தவர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்களை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவது எப்படி? எழுத்துக்களைப் பொது உறுப்புக்களாகப் பிரித்தார் அவர். சில குறிகளை அடிக்கும்போது தாளைத் தாங்கிய வண்டி நகராதபடியும் செய்தார். குறியும் எழுத்தும் ஒரே இடத்திலே விழுந்து ஓரெழுத்தாயின. அவர் வகுத்த அமைப்பின்படி ஜேர்மனியின் சைடல் அண்ட் நவுமன் நிறுவனத்தார் பொறிகளைச் செய்து கொடுத்தார்கள்.

தட்டச்சு வகுப்புக்குச் சென்றோர் ‘யளனக’ என்று விரல் பழகியதை மறந்திருக்க மாட்டார்கள். கணினி வந்தபோது அந்த மரபே ‘பாமினி’ எழுத்துருவிலும் தொடர்ந்தது. ஆங்கிலத்து ஜே, கே, பி, ஓ ஆகிய விசைகளையும் அரைப்புள்ளி விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் ‘தமிழ்’ என்று விழும். பின்னர் 1999இல் சென்னையிலே நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழியாகத் ‘தமிழ் 99’ அமைப்பு வந்தது. இலங்கையிலே தட்டச்சு மரபையொட்டிய இரங்கநாதன் அமைப்பு 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 நியமத்தில் இடம்பெற்றது. ஆகவே, தமிழ் எழுத்துள்ள பழைய பலகையொன்று உங்கள் கைக்கு வந்தால் ககரம் எங்கே நிற்கின்றது என்று பாருங்கள். ஆங்கிலத்து எஃப் விசையில் நின்றால் அது தட்டச்சு மரபு. எச் விசையில் நின்றால் தமிழ் 99. கே விசையில் நின்றால் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக அங்கே வகுக்கப்பட்ட அமைப்பு. ஒரே ஓர் எழுத்தைக் கொண்டு குலத்தை அறிந்துவிடலாம்.

இனி என் பிழைக்கு வருகின்றேன். கொழும்பிலுள்ள ஒருவரிடமிருந்து இணையவழியாக ஒரு பலகை வாங்கினேன். அதன் விசைகளிலே யாரோ ஒருவர் தமிழ் எழுத்துக்களைக் கையால் எழுதி, சிறு சிறு கடதாசித் துண்டுகளாக வெட்டி, மேலே பசைநாடா இட்டு ஒட்டியிருந்தார். கடதாசி பழுத்து, ஓரங்களில் அழுக்குப் படிந்திருந்தது. எனக்கு அது அழுக்காகவே தோன்றியது. மதுசாரத்தில் தோய்த்த துணியால் ஒரு மாலை முழுவதும் இருந்து அத்தனையையும் துடைத்தெடுத்தேன். பலகை பளபளத்தது. அடுத்த வீட்டிலே, முன்னாளில் தட்டச்சராகப் பணிசெய்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் இருக்கின்றார். பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, ஊத்தையைக் கழுவுறன் எண்டு எழுத்தையல்லோ கழுவிப்போட்டீர்!” என்றார்.

அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. ககரம் எஃப் விசையில் இருந்ததை நான் நினைவில் வைத்திருந்தேன். ஆனால் வலப்புறத்து ஓரத்திலே சில எழுத்துக்கள் நான் அறிந்த எந்த அமைப்பிலும் இல்லாத இடங்களில் இருந்தன. அவற்றைத் தம் வசதிக்கேற்ப மாற்றி வைத்தவர் யார்? அந்தப் பலகையிலே அவர் எதை எழுதினார்? ஒரு சங்கத்தின் அறிக்கையா, ஒரு பாடப் புத்தகமா, தொலைவிலிருந்த பிள்ளைக்குக் கடிதமா? விற்பவர் இட்ட படத்தையாவது தேடினேன். விற்பனை முடிந்ததும் அதனையும் நீக்கியிருந்தார். இன்று அவ்வமைப்பை எழுதிக் காட்டச் சொன்னால் பாதிகூட எனக்கு வராது.

நேயர்களே, தொழிற்சாலையில் செய்த பலகைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒன்று கெட்டால் இன்னொன்று கிடைக்கும். கையால் ஒட்டிய எழுத்து ஒன்றே ஒன்றுதான். நமது பகுதியிலே 1990களின் முற்பகுதியில் மின்சாரமே அற்றிருந்த ஆண்டுகள் இருந்தன. இடப்பெயர்வுகளில் வீடுகளோடு பொறிகளும் போயின. எஞ்சியவை மிகச் சில. ஆகையால் இத்தகைய பொருள் உங்களிடம் வந்தால் துணியை எடுக்குமுன் படம் பிடியுங்கள். முகம், அடிப்பக்கம், செருகி, ஒவ்வொரு வரிசை விசையும் தனித்தனியாகப் படத்தில் வரட்டும். எழுத்துக்களின் இடத்தை ஒரு தாளிலே வரைந்து கொள்ளுங்கள். யாரிடம், எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். விற்பனைப் படத்தையும் விளக்கத்தையும் வாங்கிய அன்றே சேமித்து வையுங்கள்.

பாதுகாப்பது பற்றியும் ஒரு சொல். பிளாஸ்திக்கிலே தீப்பற்றாதிருக்கச் சேர்க்கும் புரோமின் கலந்த பொருளும் சூரிய ஒளியுமே பலகை மஞ்சளாவதற்கு முக்கிய காரணங்கள். ஐதரசன் பரவொட்சைட்டால் வெளுக்கச் செய்வோர் உண்டு. ஒட்டிய எழுத்துள்ள பலகையில் அதனை முயலவேண்டாம். நமது தீவுகளின் உப்புக் காற்று இரும்பு வில்லைத் துருவாக்கிவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு மூடிய பெட்டியில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இணையத்திலே தேடுவதோடு நின்றுவிடாமல், பாடசாலைக் களஞ்சியத்தையும், கூட்டுறவுச் சங்கத்துப் பழைய அலுமாரியையும், மூடிய அச்சகத்தின் பின்னறையையும் ஒருமுறை பாருங்கள். பழைய இரும்புக்காரரின் தராசிலே ஏறுமுன் ஒரு படமாவது எடுத்துவிடுங்கள். பராக்கிரமபாகுவின் ஆணையை எந்தக் காலத்திலாவது ஒருவர் அழுக்கென்று எண்ணிச் செதுக்கி எறிந்திருப்பாராயின், நயினாதீவுக் கடலிலே வந்த யானைகளையும் குதிரைகளையும் பற்றிய அந்த விதியை இன்று நாம் படித்திருக்க முடியாது. என்னிடமுள்ள அந்தப் பளபளப்பான பலகை மேசைமேல் இருக்கின்றது. அதனை நான் விற்கவில்லை. புதிதாக ஒரு பொதி வரும்போதெல்லாம் முதலில் அதனைத்தான் பார்க்கின்றேன். பிறகுதான் பொதியைப் பிரிக்கின்றேன்.