அடுத்த வீட்டுப் பத்தியம் உங்களுக்கு ஆகாது



பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று வந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேருகிறது. வழி நெடுக நெல், வாழை, தென்னை. ஆறு முடிகிற இடத்தில் மீனும் உப்பும். நம்ம சாப்பாட்டுத் தட்டு முழுக்க இந்த ஆறு கொடுத்ததுதான். ஆனால் வீட்டில் ஒருத்தருக்குச் சிறுநீரக நோய் என்று தெரிந்த அன்றைக்கே அந்தத் தட்டு காலியாக ஆரம்பிக்கிறது. வாழைப்பழம் ஆகாது, தேங்காய் ஆகாது, பருப்பு ஆகாது, மீன் ஆகாது, முட்டை ஆகவே ஆகாது. எது ஆகாது என்று சொல்ல ஊரே இருக்கிறது. எது ஆகும், எவ்வளவு ஆகும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

"ஆச்சிக்கு வெறும் ரசஞ்சோறுதான் கொடுக்கோம் மேடம், வேற ஒண்ணுமே கொடுக்கதில்ல" என்று குடும்பத்தினர் எங்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் பாசத்தில் குறையே இல்லை. ஆனால் அளந்து கொடுத்தால்தான் அது பத்தியம். அளக்காமல் கொடுத்தால் பட்டினி. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

ஒரே தெரு, நாலு பேர்

ஒரே தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கும் "கிட்னி கம்ப்ளைண்ட்". வாட்ஸ்அப்பில் ஒரே உணவுப் பட்டியல் நாலு பேர் கைக்கும் வந்துவிட்டது.

முதலாமவர் வாழைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். நோய் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. கால் வீக்கம் இல்லை, ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கிறது. அவர் பழத்தை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. வெயிலில் நின்று வேலை செய்கிறவர் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகம் இன்னும் கெடும். உப்பைக் குறைப்பதும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும்தான் அவருக்கு முக்கியம்.

இரண்டாமவர் நீரிழிவு உள்ள ஆச்சி. நான்காம் கட்டம். பொட்டாசியம் கூடியிருக்கிறது. அவர் பழம், காய், இளநீர் எல்லாவற்றையும் அளவு பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாமவர் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் போகிற அண்ணாச்சி. தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஆனால் புரதச்சத்தைக் கூட்ட வேண்டும். அவர் வீட்டிலோ இன்னும் பழைய பத்தியமே நடக்கிறது.

நான்காமவருக்குச் சிறுநீரகத்தில் கல் மட்டும்தான். அவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அவர் குடிக்கிற வாழைத்தண்டுச் சாற்றைப் பார்த்து இரண்டாம் வீட்டு ஆச்சியும் குடித்தால் ஆபத்து. அந்தச் சாற்றில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றுபோகவும் கூடும். முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாமலே இது நடக்கலாம்.

பாருங்க, ஒருத்தருக்கு மருந்தாக இருப்பது அடுத்தவருக்கு விஷமாகிறது. அதனால்தான் முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்.

எதையெல்லாம் அளக்கிறோம்?

ஊட்டச்சத்து மதிப்பீடு என்றால் எடை பார்ப்பது மட்டும் இல்லை. எடை நம்மை ஏமாற்றும். உடம்பில் நீர் கோத்திருந்தால் சதை கரைந்துகொண்டே போனாலும் எடை குறையாது. "எடை அப்படியே இருக்கே" என்று நாம் நிம்மதியாக இருப்போம். அதனால் வீக்கம் வற்றிய பிறகு உள்ள எடையைத்தான் கணக்கில் எடுக்கிறோம். டயாலிசிஸ் பிரிவில் இதை 'உலர் எடை' என்பார்கள். இந்த எடை 3 மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே எச்சரிக்கை மணி. அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆகிவிட்டால் காரணம் தேட வேண்டும்.

அடுத்து உடம்பைப் பார்க்கிறோம். நெற்றிப்பொட்டு குழி விழுந்திருக்கிறதா, தோள்பட்டை எலும்பு துருத்துகிறதா, பெருவிரல் அடியில் சதை வற்றியிருக்கிறதா, கைப்பிடியில் பலம் இருக்கிறதா என்று கவனிக்கிறோம். மோதிரம் கழன்று விழுகிறது, ஜாக்கெட் தொளதொளக்கிறது என்று நீங்கள் சொல்லும் தகவலும் எங்களுக்குப் பயன்படும்.

பிறகு ரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின், பொட்டாசியம், பாஸ்பரஸ், ஆல்புமின், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆல்புமின் குறைந்தால் அது சாப்பாட்டுக் குறையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. உடம்பில் எங்காவது கிருமித்தொற்று இருந்தாலும், சிறுநீரில் புரதம் ஒழுகினாலும் அது குறையும்.

கடைசியாக, நீங்கள் உண்மையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி. மூன்று நாள் சாப்பாட்டைக் கேட்போம். டயாலிசிஸ் போகிறவர் என்றால் டயாலிசிஸ் நாள் ஒன்று, வீட்டில் இருக்கிற நாள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. சமைப்பது யார், பல் இருக்கிறதா, பசி எடுக்கிறதா, மீனும் முட்டையும் வாங்கக் கையில் காசு இருக்கிறதா என்றும் கேட்போம். வாங்க முடியாததை எழுதிக் கொடுத்து என்ன பயன்?

ரசஞ்சோறு போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்க

சிறுநீரகம் பழுதானால் புரதக் கழிவு ரத்தத்தில் சேரும். அதனால் டயாலிசிஸுக்கு முந்திய கட்டங்களில் புரதத்தை அளவாக வைக்கச் சொல்கிறோம். பொதுவான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.6 முதல் 0.8 கிராம். 50 கிலோ எடையுள்ள ஆச்சிக்கு 30 முதல் 40 கிராம்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தைச் சுத்திகரிக்கும்போது கழிவோடு சேர்ந்து நல்ல சத்தும் போகிறது. இப்போது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும். அதே ஆச்சிக்கு 50 முதல் 60 கிராம்.

ரசஞ்சோற்றில் எவ்வளவு கிடைக்கும்? நாள் முழுக்க 200 கிராம் அரிசி பொங்கிச் சாப்பிட்டால் ஏறத்தாழ 15 கிராம். தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதிக்கு உடம்பு தன் சதையையே தின்னும். அடுப்புக்கு விறகு இல்லை என்று வீட்டு உத்திரத்தைப் பிடுங்கி எரிப்பது மாதிரி. காய்ச்சலும் கிருமித்தொற்றும் இப்படி மெலிந்த உடம்பைத்தான் முதலில் தேடி வரும். டயாலிசிஸ் செய்தும் ஆள் தேறவில்லையே என்று கலங்குகிற பல வீடுகளில் குறை மெஷினில் இல்லை, தட்டில் இருக்கிறது.

அதே அரிசியோடு இரண்டு முட்டை, நல்ல கனமான மீன் துண்டு ஒன்று, 30 கிராம் பருப்பு, ஒரு தம்ளர் பால் அல்லது தயிர் சேருங்க. 55 கிராம் பக்கம் வந்துவிடும். பாஸ்பரஸ் கூடியிருந்தால் மஞ்சள்கருவைக் குறைத்து வெள்ளைக்கருவைக் கூட்டச் சொல்வோம். சைவக் குடும்பம் என்றால் பருப்பு, பால், பனீர், சோயாவை வைத்துக் கணக்குப் போடலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் உடம்பில் அதிக நேரம் தங்கும். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். பொட்டாசியம் கூடியவருக்கு அந்த நேரத்தில் இளநீரோ ஆரஞ்சுச் சாறோ கொடுக்காமல், கொஞ்சம் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கலந்து கொடுங்க. பிறகு மருந்து அளவை மாற்ற மருத்துவரைப் பாருங்க.

நம்ம அடுப்படியில்

உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு சின்ன தேக்கரண்டி. குழம்பில் போட்டது மட்டும் கணக்கு இல்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், காராச்சேவு எல்லாம் அதற்குள்தான். இந்துப்பும் உப்புதான், அதற்குத் தனிச் சலுகை கிடையாது. கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் உப்பு கலந்திருக்கும். மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கவே வாங்காதீங்க.

பொட்டாசியம் கூடியவர்கள் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமையுங்க. பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 400 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன ஆப்பிளோ இரண்டு துண்டு அன்னாசியோ எடுக்கலாம். நட்சத்திரப் பழம் மட்டும் சிறுநீரக நோயாளி யாருக்குமே ஆகாது. அது மூளையையே பாதிக்கும்.

சொதி இல்லாமல் திருநெல்வேலிக் கல்யாணமா என்று கேட்பீர்கள். பொட்டாசியம் சரியாக இருக்கிறவர் அளவாகச் சாப்பிடட்டும். கூடியிருக்கிறவருக்கு வீட்டில் செய்யும்போது காயை வடித்துப் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு, இரண்டாம் பாலில் ஒரு கரண்டி. ருசிக்கு எலுமிச்சை இருக்கிறது, இஞ்சி இருக்கிறது.

பருப்பில் பாஸ்பரஸ் இருக்கிறது என்று பயப்படுகிறவர்கள் கறுப்பு கோலா பானங்களைக் குடிக்கிறார்கள். பருப்பில் உள்ளதில் பாதியளவுதான் உடம்பில் சேரும். பாக்கெட், பாட்டில் பொருள்களில் சேர்க்கிற பாஸ்பேட் பெரும்பாலும் அப்படியே ரத்தத்துக்குப் போகும்.

ரத்த டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கில் ரசம், மோர், கஞ்சி, பதநீர், காப்பி எல்லாமே சேரும். முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு ஏறத்தாழ அரை லிட்டர் என்பது பொதுவாகச் சொல்கிற அளவு. உங்கள் அளவை உங்கள் டயாலிசிஸ் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்க.

கையில் இருக்கும் போனை இப்படிப் பயன்படுத்துங்க

வாட்ஸ்அப்பில் வரும் பத்தியப் பட்டியலை அடுத்தவருக்கு அனுப்புவதை நிறுத்துங்க. அதற்குப் பதிலாக மூன்று வேலை செய்யுங்க. ஒன்று, ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதி வரிசையில் படமெடுத்து ஒரே இடத்தில் வையுங்க. இரண்டு, வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்க. மூன்று, மருத்துவமனைக்கு வருவதற்கு முன் மூன்று நாள், சாப்பிடும் முன்னால் தட்டைப் படம் எடுங்க. நீங்கள் மறந்ததை அந்தப் படங்கள் எங்களுக்குச் சொல்லும்.

சேவைகளும் அருகிலேயே இருக்கின்றன. 2023இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட சிறுநீரகம் பாதுகாக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று எளிய பரிசோதனை செய்கிறார்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ள எல்லாரும் கேட்டுச் செய்துகொள்ளுங்க. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வயிற்று வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அதற்கான பைகளும் தருகிறார்கள். மேல்சிகிச்சைக்குப் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். டயாலிசிஸ் சிகிச்சையும் அதில் அடங்கும். விவரத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பக்கத்தில் எங்கே டயாலிசிஸ் வசதி என்பது போன்ற மருத்துவச் சந்தேகங்களுக்கு 104ஐ அழையுங்க.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது "எதைச் சாப்பிடக் கூடாது?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீங்க. "என் எடைக்கு, என் ரத்த அறிக்கைக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்?" என்று கேளுங்க. பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கி, கீழே தேதி போடச் சொல்லுங்க. டயாலிசிஸ் ஆரம்பித்தாலோ, எடை மாறினாலோ, ரத்த அறிக்கை மாறினாலோ அந்தத் தாள் பழசு. புதுசு வாங்க மறுபடியும் வாங்க.