ரீதிகௌளை ஒளிந்திருக்கும் பாட்டுகள்



சினிமாப் பாட்டு ஒன்று காதில் விழுந்ததும் "இது என்ன ராகம்?" என்று கேட்பது நம்மில் பலருக்கு வழக்கம். இன்று அதைத் திருப்பிப் போடுவோம். ராகத்தை முதலில் கையில் எடுத்துக்கொண்டு, நமக்குத் தெரிந்த எந்தெந்தப் பாட்டில் அது இருக்கிறது என்று தேடுவோம். நான் எடுத்துக்கொண்டது ரீதிகௌளை.

இது 22-ஆவது மேளமான கரகரப்ரியாவின் பிள்ளை. அந்த மேளத்தின் ஏழு ஸ்வரங்களை மேற்கத்திய இசைக்காரர்கள் டோரியன் என்பார்கள். அவர்களுக்குத் தேடும் வேலை ஓரளவு சுலபம். மைனர் போலத் தோன்றும் பாட்டில், நம் கணக்கில் சொன்னால், தைவதம் மட்டும் சதுஸ்ருதியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கார்பரோ ஃபேர் என்ற பழைய ஆங்கிலப் பாட்டும், மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'ஸோ வாட்'டும் அப்படித்தான் அகப்படும்.

ரீதிகௌளையை அப்படிப் பிடிக்க முடியாது. இதற்கும் அதே ஸ்வரங்கள்தான். ஆனால் வரிசையாக ஏறினால் ராகம் ஓடிவிடும். இது நேர்வழியில் நடக்காத வக்ர ராகம். 'ச க ரி க ம' என்று ஒரு வளைவு. பிறகு 'நி த ம நி நி ச' என்று இறங்கி ஏறும் இன்னொரு வளைவு. ஏறும்போது பஞ்சமத்தைத் தொடுவதில்லை. இறங்கும் வழியில் மட்டும் 'க ம ப ம க ரி ச' என்று பஞ்சமம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஆகவே ஸ்வரப் பட்டியலை மறந்துவிட்டு இந்தப் பிடிகளைத் தேடுங்கள். 'நி த ம நி நி ச' கேட்டதா, ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

முதலில் சந்தேகமே இல்லாத இடத்தில் காதைப் பழக்க வேண்டும். தியாகராஜரின் 'த்வைதமு சுகமா' இருக்கிறது. பாபநாசம் சிவனின் 'தத்வமறிய தரமா' இருக்கிறது. என்னைக் கேட்டால், சியாமா சாஸ்திரிகளின் மகன் சுப்பராய சாஸ்திரிகள் செய்த 'ஜனனி நின்னுவினா'வில் தொடங்கச் சொல்வேன். மிச்ர சாபுவின் நிதான நடையில் ஒவ்வொரு பிடியும் நின்று, முகம் காட்டிவிட்டுப் போகிறது.

இனி சினிமா. 1977-இல் வந்த 'கவிக்குயில்' படத்தில் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டை இளையராஜா பாலமுரளிகிருஷ்ணாவைப் பாட வைத்தார். கச்சேரி மேடையில் இருந்த ரீதிகௌளை டீக்கடை வரைக்கும் வந்தது அந்தப் பாட்டால்தான் என்பது என் கருத்து. ராகத்தை நீர்க்கவிடாமல், அதே சமயம் யாரையும் மிரட்டாமல் அமைந்த மெட்டு. அவரே 1983-இல் 'ஒரு ஓடை நதியாகிறது' படத்தில் 'தலையைக் குனியும் தாமரையே' என்று அதே ராகத்தைக் காதலுக்குக் கொடுத்தார். ஒரே ஆள், ஒரே ராகம், ஆனால் ஒன்றைக் கேட்கும்போது மற்றது நினைவுக்கு வருவதில்லை. அது சின்ன விஷயமில்லை.

1999-இல் 'முதல்வன்' படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் போட்ட 'அழகான ராட்சசியே'வில்தான் பலர் ஏமாறுவார்கள். தாளக்கட்டும் கிராமத்து வாசனையும் முன்னால் வந்து நிற்க, ராகம் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வாத்தியங்களை ஒதுக்கிவிட்டுப் பல்லவியை மட்டும் மெதுவாக முணுமுணுத்துப் பாருங்கள், வளைவுகள் தெரியும். 2008-இல் 'சுப்ரமணியபுரம்' படத்தில் ஜேம்ஸ் வசந்தன் தந்த 'கண்கள் இரண்டால்' எதையும் ஒளிப்பதில்லை. சின்னக் கண்ணனோடு அதைச் சேர்த்துப் பாடிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். காப்பி என்று சிலர் முணுமுணுத்ததும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இவ்வளவு குறுகலான சந்துகள் உள்ள ராகத்தில் நடக்கும் இருவர் எங்காவது எதிர்ப்படத்தான் செய்வார்கள்.

தேடும்போது ஓர் எச்சரிக்கை. ஆனந்தபைரவியும் 'ச க ரி க ம' என்றுதான் கிளம்பும், குழம்பாதவர் குறைவு. பஞ்சமத்தைக் கவனியுங்கள். ஆனந்தபைரவி 'க ம ப' என்று பஞ்சமத்துக்குப் போய் அங்கே சாவகாசமாக உட்காரும். 'ப த ப ச' என்று மேலே தாவும். ரீதிகௌளைக்கு அந்த இடத்தில் உட்கார நேரமில்லை, மத்யமத்திலிருந்து நேரே நிஷாதத்துக்குப் போய்விடும். சியாமா சாஸ்திரிகளின் ஆனந்தபைரவிக் கிருதி 'மரிவேரே கதி'யை ஒருமுறை கேளுங்கள்; உடனே அவர் மகனின் 'ஜனனி நின்னுவினா'வைக் கேளுங்கள். அப்பாவின் ராகம் எங்கே உட்காருகிறது, பிள்ளையின் ராகம் எங்கே தாண்டுகிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு வித்யாசாகர் இசையமைத்த 'தம்பி' படத்தின் 'சுடும் நிலவு' பாட்டைப் போட்டு, எந்த வரியில் முதல் பிடி விழுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.