கூரைக்கடியில் உலவும் காற்று

கனடா போன்ற பனிநாடுகளில், அறைகளின் உஷ்ணம் பரண் வழியே மேலேறிக் கூரையைச் சூடாக்குமாயின், அதன்மீது படிந்துள்ள பனி உருகி வழிந்து, குளிர்ந்த இறவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைந்து அணைபோல் நின்று, பின்னால் வரும் நீரைத் தடுத்து வீட்டுக்குள்ளேயே கசியச் செய்துவிடும்.

இந்த அனர்த்தத்தைத் தவிர்க்கும் பொருட்டே, பரணின் தளத்தில் கண்ணாடி இழைப் பஞ்சைக் கனமாகப் பரப்பி உஷ்ணத்தைக் கீழேயே நிறுத்துவதோடு, இறவாரத்தில் நுழைந்து முகட்டின் வழியே வெளியேறும் காற்றோட்டத்தால் கூரையைக் குளிர்ச்சியாகவும் ஈரமின்றியும் பாதுகாக்கிறார்கள். இக்காற்று சென்றுவரும் துவாரங்களின் மொத்தப் பரப்பு, பரணின் பரப்பில் 300-இல் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்பது அந்நாட்டுக் கட்டட விதிகளில் பொதுவான நியதி.

ஆகவே, அங்கு வாழும் நம்மவர்கள், பஞ்சு பரப்பும்போது இறவாரத் துவாரங்களை ஒருபோதும் அடைத்துவிடலாகாது.