மனை வாங்கப் போகும் சகோதரிகளுக்கு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழுவில் சேர்ந்து நாலு காசு கையில் நின்றதும் நம்மில் பலருக்கு வருகிற ஆசை ஒரு மனை. "ஜெயங்கொண்டம் ரோட்டுல மூணு சென்ட் வாங்கிப் போட்டா பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்"னு பேசிக்கிறோம். நல்ல ஆசைதான். நகையைவிட மனை மேல் என்பது என் கருத்து. நகையை "அவசரம், கொடு"ன்னு கேட்டு அடகுக்குக் கொண்டுபோயிடுவாங்க. நம்ம பேர்ல கிரயமான மனையை நம்ம கையெழுத்து இல்லாம விக்க முடியாது.

ஆனால் எந்தப் பணத்தில் வாங்குகிறோம்? குழுக் கடன் எடுத்து மனை வாங்காதீங்க. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால், ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000. அசல் அப்படியே நின்றால் வருஷத்துக்கு 24,000. கறவை மாடு என்றால் பால் ஊத்திக் கடனைக் கட்டலாம். மனை மாசாமாசம் என்ன கொடுக்கும்? முள்ளுதான் முளைக்கும். நம்ம சொந்தச் சேமிப்பு, அதுவும் அஞ்சு வருஷம் தொடத் தேவையில்லாத பணம், அதை மட்டும் மனையில் போடலாம்.

அடுத்து, தவணையில் நிலம் என்று வருகிறவர்கள். பி.ஏ.சி.எல். கம்பெனி நாடு முழுக்க அப்படித்தான் பணம் பிடித்தது. தமிழ்நாட்டிலும் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்களே ஏஜென்டாக வந்து வாங்கினார்கள். 2014 ஆகஸ்டில் செபி அமைப்பு அந்தக் கம்பெனியைப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு போட்டபோது, பணம் கட்டியிருந்தவர்கள் சுமார் 5.85 கோடி பேர். தொகை 49,100 கோடி ரூபாய். 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. சிறு தொகை கட்டினவங்களுக்கு முதலில், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பணம் வந்தது. கட்டியவர்கள் கையில் இருந்தது கம்பெனி கொடுத்த காகிதம். சார்பதிவாளர் ஆபீசில் பதிந்த கிரயப் பத்திரம் இல்லை. இதுதான் வித்தியாசம். ஏஜென்ட் சித்தப்பா மகனாகவே இருக்கட்டும், "சர்வே நம்பர் என்ன, எப்போ கிரயம்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

இப்போ நம்ம ஊர் விஷயம். முந்திரிக் கொல்லையைச் சமன் பண்ணி, கல் நட்டு, கொடி கட்டி, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு"ன்னு சொல்வாங்க. அது மட்டும் போதாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, அதாவது டி.டி.சி.பி. நம்பர் வேணும். 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானது தவிர, அனுமதியில்லாத மனையைப் பத்திரம் பதிய முடியாது. மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் கேட்க வேண்டும்.

பிறகு தாய்ப் பத்திரம். அசலைக் கேளுங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். அசல் யாரிடமாவது அடகில் இருக்கலாம். பழைய பத்திரத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டம், உடையார்பாளையம் வட்டம் என்று இருந்தால் பயப்படாதீங்க. 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அரியலூர் பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி தனியானது. ஆண்டிமடம் தனி வட்டமானது அதற்கும் பின்னால். மாவட்டம் மாறும், வட்டம் மாறும். கிராமமும் சர்வே நம்பரும் எப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக வந்தது என்பதைத்தான் கோர்த்துப் பார்க்க வேண்டும். பழைய சர்வே நம்பர், புது நம்பர், உட்பிரிவு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வில்லங்கம் பதிவுத்துறை இணையத்தில் பார்க்கலாம்; இ-சேவை மையத்தில் பிள்ளைகள் எடுத்துத் தருவாங்க. முப்பது வருஷத்துக்குப் பாருங்க. ஆனால் பதியாத பாகத் தகராறு வில்லங்கத்தில் வராது. இங்கே நம்ம பெண்களைப் பற்றி ஒன்று சொல்லணும். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் 1989 முதலே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கும் நிலத்தில், கட்டிக்கொடுத்த அக்கா தங்கச்சி நாளைக்கு வழக்குப் போடலாம். வாரிசுச் சான்றில் எத்தனை பேர், பத்திரத்தில் எத்தனை கையெழுத்து என்று எண்ணுங்கள். குறைந்தால் வாங்காதீங்க. நம்மளை மாதிரி ஒருத்தியோட பாகம் அது.

பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். விற்கிறவர் சென்ட் சொல்வார். ஒரு ஏர் 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. டேப் வைத்து அளந்து பாருங்கள். கண்டிஷன் பட்டா, கோயில் நிலம், புறம்போக்கு என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பவர் பத்திரத்தில் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் பார்க்கணும்.

செலவுக் கணக்கு இது. முத்திரைத் தீர்வை 5 சதவீதம், சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9. 1.4.2025 முதல், 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 6 லட்சம் மனைக்கு 54,000 ஆவது 48,000 ஆகும். வீட்டுக்காரர் "என் பேர்லயே இருக்கட்டும்"னு சொன்னா, இந்த 6,000 ரூபாயைச் சொல்லுங்க. சில வீடுகளில் மற்ற நியாயத்தைவிட இது சீக்கிரம் எடுபடும்.

பத்திரம் முடிந்ததும் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்து, உட்பிரிவு என்றால் சர்வேயரை வரவழைத்து அளந்து கல் ஊன்றுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு யார் வீட்டிலாவது பழைய பத்திரம் இருந்தால் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து வரிக்கு வரி சேர்ந்து படிப்போம்.