கரியும் காற்றும் கதிரவனும்

(யூபிலி விழா மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோவில் முகப்பில் எரியும் சீரியல் விளக்குகளைக் கண்டு மகிழ்ந்துவிட்டு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "கம்பியிலிருந்து, சாமி" என்பான் நம் மறைக்கல்விச் சிறுவன். சரிதான். கம்பிக்கு அப்பால் இருப்பதைப் பற்றியே இன்று சிறிது பேச விழைகிறேன்.

ஒடிசாவில் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி, இரயில் ஏறிப் பாரதீப் துறைமுகம் வருகிறது. அங்கே கப்பல் ஏறி, வங்கக் கடல் வழியே எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து இறங்குகிறது. அதைப் பொடியாக்கி எரிக்கிறார்கள். நீர் ஆவியாகிறது; ஆவி சக்கரத்தைச் சுழற்றுகிறது; மின்சாரம் பிறக்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரி தேவை. அதிலும் நம் நாட்டுக் கரியில் 100க்கு 30 முதல் 40 பங்கு வரை வெறும் சாம்பல். அந்தச் சாம்பலும் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமன்றோ? எண்ணூர்க் கழிமுகத்து மீனவரைக் கேளுங்கள், எங்கே சேர்ந்தது என்று சொல்வார்கள்.

கரியைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979-ல் ஓடத் தொடங்கியபோது அது நமக்குப் பெரும் பேறு. நம் பிள்ளைகள் விளக்கடியில் படித்ததும், கிணற்று மோட்டார் ஓடியதும் பெரும்பாலும் கரியால்தான். அந்த நன்றியை மறந்துவிட்டுப் பேசுவது அழகன்று. ஆனால் அதே புகை இன்று வானத்தைப் போர்வைபோல் மூடி, பூமியைச் சூடாக்கி, பருவமழையின் தாளத்தைக் குலைக்கிறது. மாம்பூ பூக்கும் காலத்தில் தப்பி வரும் மழையும் வெயிலும் என்ன செய்யும் என்பதைத் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நிற்க. நம் மாவட்டம் இதில் வெறும் பார்வையாளர் அல்ல. பென்னிகுக் கட்டிய பெரியாறு அணையின் நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வந்து லோயர்கேம்பில் விழுகிறது. 1950-களின் இறுதியிலேயே அங்கே மின்நிலையம் எழுந்தது. முதலில் 140 மெகாவாட், பின்னர் கூட்டப்பட்டது. மின்சாரம் தந்துவிட்டு, அதே நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்கும் போகிறது. புகையில்லை, சாம்பலில்லை. அடுத்தது காற்று. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைத் தொகுதி 1986-ல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரைத் தாண்டிப் பாயும் வாசல்களுள் கம்பம் கணவாயும் ஒன்று. ஆகவேதான் ஆண்டிபட்டிப் பக்கம் பேருந்தில் போகையில் அந்த வெள்ளை இறக்கைகள் சுற்றக் காண்கிறோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. இன்று நம் மாநிலத்தில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டுக்கும் மேல்.

அப்படியானால் கரியை நாளையே நிறுத்திவிடலாமே என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். முடியாது, தம்பி. காற்று மே முதல் செப்டம்பர் வரை நம்மோடு இருக்கும். பிறகு சொல்லாமல் போய்விடும். கதிரவனோ நாம் விளக்குப் போடும் நேரத்தில் மறைகிறான். 2012-ல் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டில் கிடந்தோமே, அந்த நாட்களை யாரும் மீண்டும் விரும்பமாட்டோம். மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிக்க வழி வேண்டும். அதில் ஒரு வழி நம் வீட்டு மேல்நிலைத் தொட்டி போன்றதே: மிஞ்சும்போது நீரை மேலே ஏற்றிவை, மாலையில் இறக்கி மின்சாரம் எடு. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இத்தகைய திட்டம் பல ஆண்டுகளாகக் கட்டப்பட்டு வந்திருக்கிறது.

செய்தித்தாளில் ஒரு கணக்கு வருகிறது. 2025 ஜூன் மாதத்திலேயே இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி, கரி போன்ற எரிபொருள் அல்லாதது ஆகிவிட்டது. உண்மை, பெருமைதான். ஆனால் 2024-25-ல் உண்மையில் உற்பத்தியான மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் கரியே தந்தது. தொழுவத்தில் பாதி மாடு புதியது. பாலில் பெரும்பகுதி பழைய மாட்டினுடையது. 1882-ல் இலண்டனில் கரி மின்நிலையம் தொடங்கிய பிரிட்டன், தன் கடைசிக் கரி நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்றுதான் மூடியது. 142 ஆண்டுகள்! நம் நாடு நிகரப் பூச்சிய உமிழ்வுக்கு 2070 என்று தவணை சொல்லியிருக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், கரி முதலிய எரிபொருள்களைத் தாமதமின்றிப் படிப்படியாக மாற்ற வேண்டும் என்றார். அதே பத்தியில், மாற்று பரவலாகக் கிடைக்கும் வரை தீமை குறைந்த வழியை நாடலாம் என்றும் ஒத்துக்கொள்கிறார். இந்த நிதானம் எனக்குப் பிடிக்கிறது. ஏனெனில் கரி நிலையத்தை மூடும் நாளில், முதலில் வெளியே நிற்பவர் பொறியாளர் அல்லர். கரி அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளியே. அவருக்கு என்ன வழி என்று சொல்லாமல் பசுமை பேசுவது பாதி நீதி. அதுபோல, காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் நிலம் கொடுத்துவிட்டு, ஆடு மேய்க்க இடம் தேடுகிறவர்களும் உண்டு.

இனி நம் ஊர்க் காரியம். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில், டார்ச் விளக்கோடு பாம்புக்கும் அஞ்சாமல் மோட்டார் போடப் போகும் தாய்மார்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். பகலில் கதிரவன் தரும் மின்சாரம் பகலிலேயே தோட்டத்திற்கு வந்தால், அந்த இரவு நடை தீரும். உலகச் சூட்டைக் குறைப்பதை விட உங்களுக்கு அதுவே முதல் வரம். ஓர் எச்சரிக்கையும் உண்டு: செலவில்லை என்று நாளெல்லாம் இறைத்தால், மஞ்சளாற்று நீர் எட்டாத மேட்டுக் கிணறுகள் முதலில் வறளும்.

வீட்டுக் கூரைக்கு 2024-ல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மின்கட்டணமே வராத சிறு குடும்பங்கள் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். கட்டணம் ஏறும் வீடுகள் கணக்குப் பாருங்கள். வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் 2008-லேயே தகடுகள் வைத்தார்கள். நம் மண்டபக் கூரையும் தெற்கு நோக்கி வெயிலில் சும்மா கிடக்கிறது. வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின், மண்டபத்தின் மின்கட்டண அட்டையைப் பங்கு அலுவலக மேசையில் வைக்கிறேன். கணக்குத் தெரிந்த இளைஞர்கள் வந்து பார்த்து, எத்தனை தகடு வேண்டும், எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று பங்குப் பேரவைக்கு எழுதித் தாருங்கள்.